ஒரு பாயின்ட்தான் இருக்கு! – மின்சார மாமா பதில்கள்

ஐப்பசி வந்தாயிற்று. இனி வானிலை அறிக்கையில் 'காற்றழுத்தத் தாழ்வு' என்று காதில் விழுந்தாலே பாதி ஊரில் கரன்ட் போகும். அதனால் இந்த வாரம் மொத்தப் பக்கமும் ஒரே விஷயத்துக்கு. சுவரில் ப்ளக் பாயின்ட் இல்லாத இடத்தில் செல்போனுக்கு எப்படி உயிர் கொடுப்பது? கேள்விகள் மூட்டையாக வந்திருக்கின்றன. பிரிக்கிறேன்.

கல்லூரி மாணவி, திருவாரூர்: மாமா, ஒரு செல்போனை முழுசா சார்ஜ் பண்ண எவ்வளவு கரன்ட் ஆகும்?

சரியான இடத்தில் ஆரம்பித்தாய் மருமகளே. இன்றைய போன் பேட்டரி பெரும்பாலும் 5000 எம்.ஏ.எச். அதை அதன் வோல்டேஜான 3.85ஆல் பெருக்கினால் சுமார் 19 வாட்-அவர். வழியில் சூடாகிப் போகும் சேதாரத்தையும் சேர்த்து 25 என்று வைத்துக்கொள். ஆயிரம் வாட்-அவர் ஒரு யூனிட். ஆக ஒரு யூனிட்டில் நாற்பது தடவை சார்ஜ் போடலாம்.

அந்த 25ஐ மனப்பாடம் பண்ணிக்கொள். இந்தப் பக்கத்தில் வரப்போகிற டூப் மாஸ்டர்களை எல்லாம் அந்த ஓர் எண்தான் பிடித்துக்கொடுக்கும்.

குடும்பத் தலைவர், வேதாரண்யம்: கஜா புயலில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர் போன் சார்ஜுக்குக் காசு வாங்கினார். இனி அப்படி ஒன்று வந்தால்?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையேறியது உங்கள் ஊர்ப் பக்கம்தான். டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அத்தனையும் நிமிரும்வரை போனுக்கு யார் காத்திருப்பது?

ஜெனரேட்டர்காரர் டீசலுக்குக் காசு கேட்டது நியாயம்தான். ஆனால் ஒற்றைப் போனுக்காக ஜெனரேட்டரை ஓட்டுவது தண்டச் செலவு. நூறு போனை ஒரே நேரத்தில் மாட்டினாலும் ஆளுக்குப் பத்து வாட் என்று ஆயிரம் வாட்தான் ஆகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களைச் சேகரியுங்கள், தெருவுக்கே சேர்த்து இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள், செலவைப் பங்கு போடுங்கள்.

அதைவிடச் சுலபம் ஒன்று உங்கள் ஊரில் களத்துக்குக் களம் நிற்கிறது. டிராக்டரில் இருப்பதும் 12 வோல்ட் பேட்டரிதான். ஒரு கார் சார்ஜரும் அதை மாட்ட ஒரு சாக்கெட்டும் இருந்தால் போதும். டெல்டாக்காரர் சார்ஜுக்கு அலையலாமா?

வாசகர், முடிச்சூர்: எங்க வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கு. வெள்ளத்தப்போ நாலு மணி நேரத்தில் கையை விரிச்சிடுச்சே?

கையை விரித்தது இன்வெர்ட்டர் அல்ல, உங்கள் ஃபேன். 150 ஆம்பியர்-அவர், 12 வோல்ட் பேட்டரியில் 1800 வாட்-அவர் இருக்கிறது. அதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட போன்களை நிரப்பலாம். ஆனால் 75 வாட் ஃபேன் ஒன்று ஒரு மணி நேரம் சுற்றினால் மூன்று போனின் சாப்பாடு காலி. நீங்கள் ஃபேன், டிவி எல்லாவற்றையும் ஓட்டியிருக்கிறீர்கள்.

அடுத்த தடவை தெருவில் தண்ணீர் ஏறுகிறது என்றதும் ஃபேனை நிறுத்தி விசிறி மட்டையை எடுங்கள். பேட்டரியைத் தரையிலிருந்து ஸ்டூலுக்கு ஏற்றி வையுங்கள், அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். வெள்ளம் வந்தபிறகு எல்லாரும் ஆளைத்தான் தேடுவார்கள்.

ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்: கரன்ட் இல்லை. லேப்டாப் மட்டும் ஃபுல் சார்ஜில் இருக்கிறது. வேலையைப் பார்ப்பதா, போனைப் பார்ப்பதா?

போனை. லேப்டாப் என்பது கீபோர்டு வைத்த பவர் பேங்க். அதன் பேட்டரியில் 50 வாட்-அவர் இருந்தால் இரண்டு தடவை போனை நிரப்பும். பழைய யூஎஸ்பி ஓட்டையில் 2.5 வாட்தான் வரும், உள்ளே நீலமாக இருக்கும் ஓட்டை பெரும்பாலும் 4.5 வாட் தரும், டைப்-சி இன்னும் தாராளம். திரையை அணைத்துவிட்டு மாட்டுங்கள். மேனேஜர் கேட்டால் 'பேக்-அப் எடுத்துக்கொண்டிருந்தேன்' என்று சொல்லுங்கள், முழுக்க உண்மை.

லாரி டிரைவர், நாமக்கல்: காருக்கு விற்கிற சார்ஜரை லாரியில் சொருகலாமா அண்ணே?

சொருகுமுன் அதன் முதுகைப் படியுங்கள். கார் 12 வோல்ட், உங்கள் லாரி 24. சார்ஜரில் '12-24' என்று அச்சடித்திருந்தால் தைரியமாகச் சொருகலாம். வெறும் 12 என்றிருந்தால் புகை வரும், அதற்குத்தான் பக்கத்திலேயே சிகரெட் லைட்டர் ஓட்டை வைத்திருக்கிறார்களே!

புதுமாப்பிள்ளை, கோயம்புத்தூர்: காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்து போன் சார்ஜ் போட்டால் கார் பேட்டரி இறங்கிவிடுமா?

45 ஆம்பியர்-அவர் கார் பேட்டரியில் சுமார் 540 வாட்-அவர் இருக்கும். நம்முடைய 25 அதில் இருபதில் ஒரு பங்கு. இறங்காது. இறக்குவது ஹெட்லைட்டும் பாட்டும்தான். பேட்டரி கிழடு என்றால் மட்டும் இன்ஜினை ஓடவிட்டுச் சார்ஜ் போடுங்கள். அப்போது கார் திறந்தவெளியில் நிற்கட்டும். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விட்டால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும், அதற்கு வாசனைகூடக் கிடையாது.

உணவு டெலிவரி இளைஞர், மதுரை: பைக்கில் யூஎஸ்பி பொருத்தியிருக்கேன் மாமா. நாள் முழுக்க மேப் ஓடுது. பைக் பேட்டரிக்கு ஆபத்தா?

ஓடும்போது இல்லை, இன்ஜினே சம்பாதித்துக் கொடுக்கிறது. நிற்கும்போதுதான் ஆபத்து. பைக் பேட்டரி 5 ஆம்பியர்-அவர் என்றால் மொத்தம் 60 வாட்-அவர்தான். ஒரு போன் நிரம்ப அதில் பாதி போய்விடும். கிக்கர் இல்லாத வண்டி என்றால் மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு தள்ளத்தான் வேண்டும். சாவியைத் திருப்பினால் யூஎஸ்பியும் அணைகிற மாதிரி மெக்கானிக்கிடம் வயரை மாற்றிக்கொள். பிரியாணி ஆறினாலும் பரவாயில்லை, நீ நடுரோட்டில் நிற்கக் கூடாது.

ஆசிரியை, ஈரோடு: எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறோம். அதிலிருந்து?

கொடுத்து வைத்தவர் டீச்சர்! 3 யூனிட் பேட்டரி என்றால் 120 போன். பல மாடல்களில் யூஎஸ்பி ஓட்டையும் இருக்கிறது. புயல் சேதி வந்ததும் முதலில் ஸ்கூட்டரை முழுசாக சார்ஜ் போட்டு மேடான இடத்தில் நிறுத்துங்கள். உங்கள் தெருவின் மின்வாரிய அலுவலகம் நீங்கள்தான்.

வியாபாரி, விருதுநகர்: 10000 எம்.ஏ.எச். பவர் பேங்க் வாங்கினேன். 5000 போனை இரண்டு தடவை நிரப்ப வேண்டாமா? ஒன்றரைகூட வரமாட்டேன் என்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

அண்ணாச்சி, கடைக்காரரை விட்டுவிடுங்கள். அந்தப் பத்தாயிரம் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. வெளியே வருவது 5 வோல்ட். மாற்றும்போது 6000 சொச்சம்தான் மிஞ்சும். டின் எண்ணெயைப் புட்டிக்கு மாற்றினால் கொஞ்சம் டின்னிலேயே ஒட்டிக்கொள்வது உங்களுக்குத் தெரியாததா? பெட்டியில் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று ஒன்று இருக்கும். உண்மையை எப்போதும் பொடி எழுத்தில்தான் போடுவார்கள்.

மாணவர், சேலம்: பஸ் ஸ்டாண்டில் 50000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 399 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கட்டுமா?

பக்கத்துக் காய்கறிக் கடைத் தராசில் வைத்துப் பார். நல்ல 18650 செல் ஒன்று, பேருக்கேற்ற மாதிரி 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். அதில் பெரும்பாலும் 3500 எம்.ஏ.எச். வரைதான் அடங்கும், எடை 45 கிராமைத் தாண்டும். 50000 வேண்டுமானால் பதினைந்து செல்லாவது வேண்டும். செல் மட்டுமே 700 கிராமை நெருங்கும். உன் பஸ் ஸ்டாண்ட் மாணிக்கம் கால் கிலோவாவது தேறுமா?

தேறினாலும் முழுசாக நம்பாதே. போலிகளைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு உள்ளே மணல் கிடைத்த கதையும் உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பி.ஐ.எஸ்.) முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் தட்டினால் தயாரித்தவர் ஜாதகம் வரும். வரவில்லை என்றால் 399 ரூபாய்க்கு ஆற்று மணல் விலை அதிகம்.

மூத்த வாசகர், தஞ்சாவூர்: சிங்கப்பூரில் மகனைப் பார்க்கப் போகிறேன். பவர் பேங்கைப் பெட்டியில் போட்டு ஏற்றிவிடலாமா?

கூடாது ஐயா. கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். 100 வாட்-அவர் வரை, அதாவது 27000 எம்.ஏ.எச். வரை, தனி அனுமதி வேண்டாம். 160 வரை விமான நிறுவனத்தைக் கேட்க வேண்டும். அதற்கு மேல் விமானத்தில் இடமே இல்லை. மேலே சேலத்துத் தம்பி கேட்ட 50000 நிஜமாக இருந்தால் 185 வாட்-அவர். போலியானாலும் ஆகாது, அசலானாலும் பறக்காது.

2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று புறப்படுமுன் எரிந்தது. ஆட்கள் எல்லாரும் உயிரோடு இறங்கிவிட்டார்கள். விசாரணையில் சந்தேகம் பவர் பேங்க் மேல் விழுந்தது. அந்த நாடு மார்ச்சிலிருந்து அதைத் தலைக்கு மேலுள்ள பெட்டியில் வைக்கவே தடை போட்டது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏப்ரலிலிருந்து பறக்கும்போது பவர் பேங்கால் சார்ஜ் போடுவதையும் நிறுத்திவிட்டது. ஏறுவதற்கு முன்பே போனை நிரப்பிக்கொள்ளுங்கள். மகனிடம் பேச வேண்டியது இறங்கியபிறகுதானே.

வாசகி, காரைக்கால்: பவர் பேங்க் வயிறு உப்பியிருக்கு. சார்ஜ் நல்லாத்தான் ஏறுது.

தூக்கி வெளியே வையுங்கள், இன்றைக்கே. உள்ளே வாயு சேர்ந்துவிட்டது. அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். 'நல்லாத்தான் ஏறுது' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது.

விவசாயி, ஒட்டன்சத்திரம்: முதுகில் சோலார் பதித்த 20000 எம்.ஏ.எச். பவர் பேங்க் விளம்பரம் பார்த்தேன். தோட்டத்துக்கு உதவுமா?

25ஐ மறக்கவில்லையே? உள்ளங்கை அகல சோலார் தகட்டில் நல்ல வெயிலில் ஒன்றரை வாட் வரும். பவர் பேங்க் கொள்வது 74 வாட்-அவர். பட்டப்பகல் உச்சி வெயில் நாளைக்கு ஐந்து மணி நேரம் என்றாலும் பத்து நாள். சேதாரம் சேர்த்தால் இரண்டு வாரம். அதற்குள் முருங்கை இன்னொரு பறிப்புக்கு வந்துவிடும்.

சோலாரே வேண்டாம் என்று சொல்லவில்லை. தகடு பெரிதாக வேண்டும். ஏ-4 தாள் அளவில் 10 வாட் தகடு கிடைக்கிறது. நடைமுறையில் ஆறேழு வாட் தரும். மூன்று நான்கு மணி நேரத்தில் போன் நிரம்பும். மோட்டார் ரூம் கூரையில் போட்டு வையுங்கள்.

அதே விவசாயி: சித்திரை வெயிலில் இன்னும் வேகமாக ஏறுமா?

சூடு கூடினால் வேகம் கூடிவிடாது. சோலார் தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அதற்கு எதிரி. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். தகடு 65 டிகிரிக்குக் கொதித்தால் 16 சதவீதம் போச்சு. தகட்டை வெயிலில் போடுங்கள், வயரை நீளமாக இழுத்துப் போனை நிழலில் வையுங்கள். தகடு வேலைக்குப் போகட்டும், போன் வீட்டில் இருக்கட்டும்.

தாத்தா, மன்னார்குடி: அந்தக் காலத்தில் ரேடியோ செல்லை வெயிலில் காயவைத்தால் இரண்டு நாள் கூடப் பாடும். போன் பேட்டரிக்கும் அது பொருந்துமா?

பொருந்தவே பொருந்தாது தாத்தா. அது துத்தநாக-கரிச் செல். சூடு பட்டால் உள்ளே மிச்சமிருந்த ரசாயனம் கொஞ்சம் சுறுசுறுப்பாகி, கடைசிச் சொட்டையும் கொடுத்தது. இது லித்தியம். 35 டிகிரிக்கு மேலே போனாலே இதற்கு ஆயுள் குறையும், 45ஐத் தாண்டினால் சார்ஜ் போடவே கூடாது. செல்லைப் பல்லால் கடித்தும் பார்ப்பீர்களே, அதை இதில் தப்பித் தவறிக்கூடச் செய்யாதீர்கள்.

எஸ்டேட் தொழிலாளி, கோத்தகிரி: குளிருக்கு?

பூஜ்யத்துக்குக் கீழே போனால் சார்ஜ் போடக் கூடாது. லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரியைக் கெடுக்கும். உறைபனி விடியலில் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துச் சூடேற்றிவிட்டு அப்புறம் மாட்டுங்கள்.

வாசகர், சுன்னாகம்: அண்ணை, பொருளாதாரத் தடைக் காலத்தில நாங்கள் சைக்கிள் டைனமோவில றேடியோ கேட்டனாங்கள். அதே வேலையை போனுக்குச் செய்யேலாதோ?

இந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லி, நான் கைகட்டிக் கேட்க வேண்டும். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள், வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் விளக்கு. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, டயரில் உரசும் டைனமோவிலிருந்து இரண்டு வயர் றேடியோவுக்குப் போகும். சுற்றுகிறவர் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவர் குரலும் சோரும். தெருவே சூழ்ந்து நின்று 'சுத்து, சுத்து' என்று கத்தும். பொறியியல் கல்லூரி எதுவும் சொல்லித்தராத பாடம் அது.

போனுக்கும் முடியும். இரண்டு தடை உண்டு. டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட், அதுவும் திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம். போனுக்கு வேண்டியது ஒரே திசையில் நிலையான 5 வோல்ட். நான்கு டையோடு, ஒரு கெப்பாசிட்டர், ஒரு ரெகுலேட்டர் நடுவில் வைத்தால் முதல் தடை தீர்ந்தது.

இரண்டாவது உங்கள் கால். 25 வாட்-அவரை இந்த டைனமோவில் எடுக்க எட்டொன்பது மணி நேரம் மிதிக்க வேண்டும். மணிக்கு 15 கிலோமீட்டர் என்றால் எங்கள் பக்கத்தில் திருச்சியிலிருந்து மதுரை வரை. போய்ச் சேரும்போது போன் ஃபுல், ஆள் எம்ப்ட்டி.

சைக்கிள் கடைக்காரர், கும்பகோணம்: அப்படியானால் சைக்கிள் சார்ஜர் கம்பெனி எதுவும் விற்றதே இல்லையா?

விற்றது. 2010இல் நோக்கியா சைக்கிள் சார்ஜரை அறிமுகப்படுத்தியது, அதுவும் நைரோபியில் வைத்து. வேகம் மணிக்கு 6 கிலோமீட்டரைத் தொட்டால் சார்ஜ் ஏறத் தொடங்கும். 10 கிலோமீட்டர் வேகத்தில் பத்தே நிமிடம் மிதித்தால் அவர்களின் 1202 மாடலில் 28 நிமிடம் பேசலாம் என்றார்கள். அந்த போனில் ரீல்ஸ் ஓடாது. அதனால்தான் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. நம் கால் பலம் குறையவில்லை, போனின் பசிதான் கூடிவிட்டது.

பிளஸ் டூ மாணவர், ஆரல்வாய்மொழி: எங்க ஊர் முழுக்கக் காற்றாலை. சின்னதா ஒண்ணு செஞ்சு போனுக்குச் சார்ஜ் போட முடியுமா?

உன்னைவிடச் சின்னவன் செய்திருக்கிறான். மலாவி நாட்டின் வில்லியம் காம்குவாம்பா. 2001-02 பஞ்சத்தில் கட்டணம் கட்ட முடியாமல் பள்ளியிலிருந்து நின்றான், வயது 14. நூலகத்தில் ஒரு புத்தகத்தின் படத்தைப் பார்த்து, டிராக்டர் ஃபேன், சைக்கிள் சட்டம், சைக்கிள் டைனமோ, பிளாஸ்டிக் குழாயைச் சூடாக்கித் தட்டையாக்கிய இறக்கை, தைல மரக் கோபுரம் என்று குப்பையிலிருந்தே ஒரு காற்றாலையைக் கட்டினான். முதலில் ஒரு பல்பு எரிந்தது. கொஞ்ச நாளில் அக்கம்பக்கத்தார் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வரிசை கட்டினார்கள்.

உனக்கு ஒரு கணக்கு. காற்றின் வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு. ஓரடி விட்டமுள்ள இறக்கையில் மெல்லிய காற்றுக்கு ஒரு வாட்டைச் சுற்றித்தான் வரும், பலத்த காற்றில் அதே இறக்கை எட்டு வாட்டைத் தொடும். இறக்கையைப் பெரிதாக்கு, உயரத்தில் கட்டு. ஆடிக் காற்று முப்பந்தலில் உனக்கு இலவசம். செய்து முடித்ததும் படம் அனுப்பு, இந்தப் பக்கத்தின் மேலே போடுகிறேன்.

வாசகி, கும்பகோணம்: கையால் சுற்றும் சார்ஜர்?

ஒரு போன் நிரம்பப் பத்து மணி நேரம் சுற்ற வேண்டும். ஆனால் ஐந்து நிமிடம் சுற்றினால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு இரண்டு மூன்று நிமிடம் பேசலாம். அதற்காக ஒன்று வீட்டில் இருக்கட்டும். போன் முழுக்கச் செத்தபின் சுற்றாதீர்கள். எழுந்திருக்கவே அது நிறையக் கேட்கும். ஐந்து சதவீதம் மிச்சமிருக்கும்போதே தொடங்குங்கள்.

இங்கிலாந்தின் டிரெவர் பெய்லிஸ் 1991இல், ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் பரவுவது பற்றிய டிவி நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுத்தான் சாவி கொடுத்தால் பாடும் ரேடியோவை உருவாக்கினார். டிவி பார்த்து உருப்பட்டவர் அவர்.

ஏழாம் வகுப்பு மாணவி, தேனி: எலுமிச்சம்பழத்தில் பல்பு எரியுது. போனும் சார்ஜ் ஆகுமா மாமா?

ஒரு பழத்தில் ஒரு செம்புத் தகடு, ஒரு துத்தநாக ஆணி குத்தினால் 0.9 வோல்ட் வரும். ஐந்து வோல்ட்டுக்கு ஆறு பழம். ஆனால் ஓடும் மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியர்கூடத் தேறாது. போனுக்கு மெதுவாக ஏற்றவே 500 வேண்டும். ஆறை ஐந்நூறால் பெருக்கு: மூவாயிரம் பழம். சின்ன எல்.இ.டி.யை எரித்து அறிவியல் கண்காட்சியில் பரிசு வாங்கு கண்ணு. மிச்சப் பழத்தை அம்மா ஊறுகாய் போடட்டும்.

இல்லத்தரசி, பொள்ளாச்சி: விறகடுப்பில் எவ்வளவு சூடு வீணாகுது! அதிலிருந்து எடுக்க முடியாதா?

முடியும். இரண்டு வேறு உலோகங்களை இணைத்து ஒரு முனையைச் சுட்டு மறுமுனையைக் குளிரவைத்தால் மின்சாரம் பிறக்கும். ஸீபெக் 1821இல் கண்டார். இரண்டாம் உலகப் போரில் சோவியத் கொரில்லாப் படையினர் காட்டுக்குள் கெட்டிலை நெருப்பில் தொங்கவிட்டு, அதன் அடியில் பொருத்திய தகடுகளின் மின்சாரத்தில் வயர்லெஸ் பேசினார்கள். இன்று பயோலைட் என்ற நியூயார்க் நிறுவனம் சுள்ளி எரித்தால் யூஎஸ்பியில் 3 வாட் தரும் அடுப்பு விற்கிறது. அதாவது எட்டு மணி நேரம் சமைத்தால் ஒரு போன். கல்யாணச் சமையல்காரருக்கு மட்டும் கட்டுப்படியாகும்.

பக்தர், செங்கம்: நடந்தால் சார்ஜ் ஏறும் செருப்பு வந்தால் கிரிவலத்துக்கு வசதியாக இருக்குமே?

காலடியில் வைக்கும் பீசோ தகடு தருவது வாட்டில் நூறில் ஒரு பங்கு. திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டரைச் சுற்றி முடித்தால் போனில் அரை சதவீதம்கூட ஏறாது. தவிர, கிரிவலத்துக்கு யார் செருப்புப் போட்டுப் போவது?

வாசகர், பரமக்குடி: மூத்திரத்தில் போன் சார்ஜ் பண்ணினார்களாமே, புரளியா?

சத்தியமான உண்மை. 2013இல் பிரிஸ்டல் ரோபாட்டிக்ஸ் ஆய்வகத்தில் இயோனிஸ் யெரோபௌலோஸ் குழு, சிறுநீரைத் தின்று மின்சாரம் விடும் நுண்ணுயிர்களை வளர்த்து ஒரு போனை இயக்கியது. குறுஞ்செய்தி போனது, சின்ன அழைப்பும் போனது. கழிப்பறையும் கரன்டும் இல்லாத முகாம்களில் இரண்டையும் ஒரே பெட்டியில் கொடுக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். இதில் எனக்குச் சிரிப்பே வரவில்லை, கும்பிடத் தோன்றுகிறது.

ஒன்பதாம் வகுப்பு மாணவர், கோவில்பட்டி: இடி மின்னலிலிருந்து?

2013இல் சௌதாம்ப்டன் பல்கலைக்கழகமும் நோக்கியாவும் ஆய்வகத்திலேயே 2 லட்சம் வோல்ட் மின்னலை 30 சென்டிமீட்டர் பாய்ச்சி, அடக்கி, ஒரு லூமியா போனுக்குச் சார்ஜ் ஏற்றினார்கள். அது ஆய்வகம். நீ இடி இடித்தால் மொட்டை மாடியிலிருந்து இறங்கு.

வாசகர், ஆம்பூர்: மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால்?

2014இல் ஐபோனுக்கு அப்படி ஒரு வசதி வந்துவிட்டதாக விஷமிகள் விளம்பரம் தயாரித்துப் பரப்பினார்கள். நம்பி வைத்தவர்களுக்குப் போனும் போச்சு, அடுப்பும் போச்சு. இதை உங்களுக்கு ஃபார்வர்டு பண்ணியவரை முதலில் பிளாக் பண்ணுங்கள்.

காதலர், திருப்பூர்: என் போனிலிருந்து அவள் போனுக்கு வயர் இல்லாமல் சார்ஜ் கொடுக்க முடிகிறது. முதுகோடு முதுகு ஒட்டி வைத்தால் போதும். எவ்வளவு கொடுக்கலாம்?

2018, 2019இல் ஹுவாவேயும் சாம்சங்கும் கொண்டுவந்த வசதி. நான்கைந்து வாட்தான் போகும், அதிலும் கணிசமான பங்கு சூடாக ஆவியாகும். இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள வயரை மாட்டிப் பாருங்கள், சேதாரம் குறைவு. காதல் வயர்லெஸ்ஸாக இருக்கட்டும், சார்ஜ் வயரில் போகட்டும்.

மீனவர், பாம்பன்: படகில் பேட்டரி இருக்கு. ஆனா போன் சார்ஜ் ஓட்டை பச்சை பூத்துப் போகுது.

ஈர ஓட்டையில் கரன்ட் பாய்ந்தால் உப்புத் தண்ணீர் பின்களைத் தின்றுவிடும், அந்தப் பச்சைதான் சாட்சி. போனையும் பவர் பேங்கையும் கரையிலேயே நிரப்பித் தண்ணீர் புகாத பையில் போட்டு எடுத்துப்போங்கள். படகில் போட்டே ஆக வேண்டும் என்றால் கையையும் ஓட்டையையும் காயவிட்டு மாட்டுங்கள். ஈரம் என்று போன் எச்சரித்தால் அதை மீறாதீர்கள். நடுக்கடலில் ரிப்பேர் கடை இல்லை.

ரயில் பயணி, தென்காசி: ராத்திரி ரயிலில் ப்ளக் பாயின்ட் செத்துக் கிடக்கிறதே?

இரவு 11 முதல் காலை 5 வரை தீ விபத்தைத் தடுக்க அணைத்துவைப்பது வழக்கம். தூங்குகிறவர் தலைமாட்டில் போன் சூடாவதைவிட அது மேல். ரயிலில் ஏறுவதற்கு முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள்.

வாசகி, வேலூர்: பஸ் ஸ்டாண்டில் வைத்திருக்கும் இலவச யூஎஸ்பியில் மாட்டலாமா?

யூஎஸ்பியில் மின்சாரம் மட்டுமல்ல, தகவலும் போகும். அந்த வழியாகத் திருட முடியும் என்று ரிசர்வ் வங்கியே 2022இல் வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேட்டில் எச்சரித்திருக்கிறது. உங்கள் சொந்தப் பவர் பேங்கை அதில் மாட்டி, பவர் பேங்கில் போனை மாட்டுங்கள். திருடன் வந்தால் அவனுக்கும் சார்ஜ்தான் கிடைக்கும்.

மளிகைக் கடைக்காரர், கடலூர்: பென் டார்ச் செல்லில் ஓடும் சார்ஜர் விற்கலாமா?

விற்கலாம். நல்ல ஆல்கலைன் செல் நான்கு போட்டால் மூன்றில் ஒரு பங்கு போன் ஏறும். மலிவுச் செல் போட்டால் ஏமாற்றம்தான். செல்லைப் பெட்டியில் வருஷக்கணக்கில் வைத்திருக்கலாம் என்பதுதான் இதன் அழகு. தானே புயலைப் பார்த்த ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாங்கியடுக்குங்கள், ஆனால் புயலன்று விலையை ஏற்றாதீர்கள்.

வாசகர், சிதம்பரம்: கரன்ட் போனதும் நான் போன் டார்ச்சைத்தான் போடுகிறேன்.

முதலில் அதை அணையுங்கள். டார்ச்சுக்கு டார்ச், பேச்சுக்குப் போன். நெட்டை நிறுத்துங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள். சிக்னல் மங்கிய இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே தீர்ந்துபோகும், ஃப்ளைட் மோடில் போட்டு மணிக்கொரு தடவை திறந்து பாருங்கள். வீட்டில் நான்கு போன் இருந்தால் மூன்றை அணைத்து வையுங்கள்.

வாசகர், காரைக்குடி: லித்தியம் பேட்டரிக்கு யாரைக் கும்பிட வேண்டும்?

விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ மூவரையும். 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019இல் நோபல் கிடைத்தது, அப்போது குட்இனஃபுக்கு வயது 97. நோபல் வரலாற்றில் அவரைவிட மூத்தவர் யாரும் இல்லை. நூறு வயதுவரை சார்ஜ் இறங்காத மனுஷன்.

பஞ்சாயத்து உறுப்பினர், நாகப்பட்டினம்: எல்லாம் செய்து போனை ஃபுல்லாக வைத்திருந்தாலும், டவர் இல்லையென்றால்?

நல்லா மடக்கினீர்கள். டவருக்கும் பேட்டரிதான், டீசல்தான். கம்பம் சாய்ந்து, ரோடு அடைபட்டு, டீசல் வண்டி வரவில்லை என்றால் அதுவும் மூச்சை விடும். அதனால் டவர் உயிரோடு இருக்கும் முதல் சில மணி நேரத்திலேயே அவசியமானவர்களிடம் பேசி முடியுங்கள். சிக்னல் ஒரு கோடாக இருந்தால் அழைக்காதீர்கள், எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். அழைப்பு போகாத இடத்திலும் அது நுழைந்துவிடும்.

டவர் முழுக்க விழுந்தபின் கை கொடுப்பது எஃப்.எம். ரேடியோ. வயர் வைத்த இயர்போனை மாட்டினால் அதுவே ஏரியல். நெட் வேண்டாம், சிம் வேண்டாம், பேட்டரியும் கொஞ்சமாகத்தான் குடிக்கும். பேரிடர்க் காலத்துக்கு உதவும் என்றுதான் 2023இல் மத்திய அரசு, போனில் எஃப்.எம். வசதியை முடக்காதீர்கள் என்று தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் போனில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வயர் இயர்போனைத் தூக்கிப் போட்டிருந்தால், பரணில் தேடுங்கள்.